சேர்த்த செல்வம் ஆயுளுக்கும் வருமா? மலேசிய, சிங்கப்பூர்ச் சேமநிதிகளில் பணம் மீட்கும் முறையின் வரலாறு

முன்னுரை

'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சோம்பலைக் கண்டிக்கும் மொழியாகவே இதனை நாம் வகுப்பறையில் விளக்கி வருகிறோம். ஆயினும், உழைத்து ஓய்ந்த முதியவர் குந்தித் தின்பது குற்றமன்று. அஃது அவர் ஈட்டிய உரிமை. அவ்வாறு கொள்ளுமிடத்து இப்பழமொழி எழுப்பும் வினா வேறாகிறது. குன்று எவ்வளவு பெரியது? அதிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம்? எடுத்த இடம் எவ்வளவு வேகத்தில் மீண்டும் வளரும்? அக்குன்று எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்க வேண்டும்?

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் பொருளியல் வாழ்வைப் பற்றிய எழுத்துகள் கூலி, குடியேற்றம், தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. தொழிலாளி ஓய்வுபெற்ற மறுநாள் முதல் அவர்தம் சேமிப்பு என்னவாயிற்று என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. சேமநிதியின் வரலாற்றையும் நாம் பெரும்பாலும் பணம் சேர்ந்த வரலாறாகவே படிக்கிறோம்; பணம் வெளியேறிய வரலாறாகப் படிப்பதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் பாதியை ஆராய்கிறது. சேமநிதி என்னும் அமைப்பு சேர்ப்பதற்கென வகுக்கப்பட்டது; அதனைச் செலவிடும் முறை தொடக்கத்தில் தனிமனிதரிடமே விடப்பட்டது. அந்த விடுபட்ட பகுதியை நிரப்பும் முயற்சியே கடந்த நாற்பது ஆண்டுகளின் சேமநிதி வரலாறு என்பது நம் கருத்து.

சேமநிதிக்கு முந்திய காலம்

பிரித்தானிய மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில், அவர்களது முதுமை மலாயாவில் கழியும் என்று நிருவாகம் கருதவில்லை. 1907ஆம் ஆண்டின் தமிழ்க் குடியேற்ற நிதிச் சட்டத்தின்கீழ் முதலாளிகளிடம் வரி பெறப்பட்டு, தொழிலாளரின் பயணச் செலவு அந்நிதியிலிருந்து ஏற்கப்பட்டது. பின்னர் இந்தியக் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்ற அதிலிருந்தே, உழைக்கும் ஆற்றல் இழந்தோரைத் தாயகத்திற்குத் திருப்பியனுப்பும் செலவும், ஆதரவற்ற தொழிலாளர் இல்லங்களின் செலவும் ஈடுகட்டப்பட்டன. வேறு சொற்களிற் கூறின், அன்றைய ஓய்வுக்காலத் திட்டம் ஒரு கப்பல் பயணச்சீட்டேயாகும். முதுமைக்கான பொறுப்பு தமிழகத்துக் கிராமத்தையும் அங்கிருந்த உறவினரையும் சார்ந்ததாக எண்ணப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் இம்முறையில் திருப்பியனுப்பப்பட்டனர். இந்நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றம் பெற்று, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலைக்கப்படும்வரை நீடித்தது.

தொழிலாளர் சேமிக்கவில்லை என்று இதனால் கொள்ளுதல் தவறு. நகை, கறவை மாடு, ஊருக்கு அனுப்பிய பணம் ஆகியவை அவர்களது சேமிப்பு வடிவங்களாக இருந்தன. அறிமுகமானோர் ஒன்றுகூடி மாதந்தோறும் பணம் போட்டு, ஏலத்திலோ சீட்டுக் குலுக்கலிலோ ஒருவர் மொத்தமாகப் பெறும் 'கூட்டு' முறையும் பரவலாக வழங்கிற்று. இச்சொல் மலாய் மொழியில் 'கூத்து' எனக் கலந்ததோடு, 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டத்தின் பெயரிலும் இடம்பெற்றது. கூட்டுறவு இயக்கத்தின்வழியும் தொழிலாளர் சேமித்தனர். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுபங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இதற்குத் தக்க சான்று.

இவ்வடிவங்கள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நகையை அடகு வைக்கலாம், மாட்டை விற்கலாம், கூட்டுப் பணத்தை எடுக்கலாம். ஒவ்வொன்றும் மொத்தமாகக் கைக்கு வந்து, ஒரு தேவைக்கு மொத்தமாகச் செலவாகும். மாதந்தோறும் சீராக வருமானம் தரும் சேமிப்பு என்னும் கருத்து, ஓய்வூதியம் பெற்ற அரசு ஊழியரிடையே மட்டும் வழக்கிலிருந்தது.

சேமநிதியின் தோற்றமும் மொத்தத் தொகையும்

ஊழியர் சேமநிதி மலாயாவில் 1951ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நிறுவப்பட்டது. தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் சந்தா செலுத்தும் முறையில் அது தொடங்கிற்று. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி அதே விகிதத்தில் 1955 ஜூலை முதல் நாள் செயற்படத் தொடங்கியது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய நிதிகளை உருவாக்கின. பிரித்தானியாவோ தன் நாட்டு மக்களுக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முதியோர் ஓய்வூதியத்தை வழங்கி, 1946ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டத்தால் அதனை விரிவாக்கியிருந்தது. ஆளும் நாட்டில் ஓய்வூதியமும் ஆளப்பட்ட நாடுகளில் சேமநிதியும் வளர்ந்தமை தற்செயலானதன்று. ஓய்வூதியம் அரசின் கருவூலத்தைப் பல்லாண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும். சேமநிதியில் அரசுக்கு அத்தகைய கடப்பாடில்லை. ஒவ்வொருவரும் சேர்த்ததை ஒவ்வொருவரும் பெறுவர்.

55 வயதை எட்டிய உறுப்பினர் தம் பணம் முழுவதையும் ஒரே முறையில் மீட்டுக்கொள்ளலாம் என்பதே இரு நாடுகளிலும் தொடக்க விதி. மலாயாவில், நாட்டைவிட்டு நிரந்தரமாகச் செல்வோரும் தொகையை மீட்க இடமிருந்தது. முதுமையை வேறு நாட்டில் கழிப்பார் எனக் கருதப்பட்ட புலம்பெயர் தொழிலாளிக்கு இம்முறை பொருந்தியது. பணத்தைப் பெற்றுக்கொண்டு கப்பலேறுவோருக்கு மாதாந்தரத் தொகை பயன்படாது. மொத்தத் தொகை என்னும் விதியில், பழைய பயணச்சீட்டின் சாயலையே நாம் காண்கிறோம். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெறவேண்டிய நிலை ஏற்பட்டுப் பலர் தமிழகம் திரும்பியதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஆனால் பெரும்பான்மையோர் இங்கேயே தங்கினர். தங்கியோருக்கு இவ்விதி புதிய சிக்கலைத் தந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே பிணைந்திருந்தன; வேலையினின்று விலகினால் லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே 55 வயதிற் கிடைத்த சேமநிதி, உணவுக்கான பணமாகும் முன்னரே கூரைக்கான பணமாயிற்று. அதன் பின்னரே மகளின் திருமணம், மகனின் படிப்பு, பழைய கடன் ஆகியவை வந்தன. ஓய்வுபெற்றோர் பணத்தை விரயம் செய்தனர் என்று எளிதாகக் கூறுவோர், அப்பணத்தின்மீது எத்தனை கடமைகள் முன்னரே காத்திருந்தன என்பதை மறந்துவிடுகின்றனர்.

மாறிய ஆயுளும் மாறிய ஈவும்

சேமநிதி தொடங்கிய காலத்தில் 55 வயது என்பது முதுமையின் வாயிலாகக் கருதப்பட்டது. 1957இல் மலாயாவில் பிறந்த ஆண்குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 56 ஆண்டுகள், பெண்குழந்தைக்கு 58. அவ்வெண்கள் குழந்தை இறப்பையும் உள்ளடக்கியவை. 55 வயதை எட்டியவர் அதற்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், இன்று மலேசியாவில் அவ்வெதிர்பார்ப்பு 75ஐ ஒட்டி நிற்பதை நோக்க, சேமிப்பு தாங்கவேண்டிய காலம் எவ்வளவு நீண்டுள்ளது என்பது புலப்படும். மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் 60 வயதை நடைமுறைப்படுத்திய போதிலும், சேமநிதியின் மீட்பு வயது 55 ஆகவே நீடித்தது. ஆகவே பணம் கைக்கு வரும் நாளும் ஊதியம் நிற்கும் நாளும் வேறு வேறாயின.

முதலீட்டுப் பக்கத்திலும் மாற்றம் நேர்ந்தது. தொடக்கப் பத்தாண்டுகளில் ஊழியர் சேமநிதியின் பணம் பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் முதலிடப்பட்டது. 1952இல் ஈவு 2.5 விழுக்காடு. 1983 முதல் 1987 வரை அது 8.5 விழுக்காடாக உயர்ந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்து, 2002இல் 4.25 விழுக்காடாயிற்று. முதலைத் தொடாமல் ஈவை மட்டும் உண்ண விரும்பிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவரிடம் 100,000 ரிங்கிட் இருப்பின், 1987இல் ஆண்டுக்கு 8,500 ரிங்கிட் கிடைத்திருக்கும். 2002இல் அதே தொகைக்கு 4,250 ரிங்கிட். பதினைந்தாண்டில் வருமானம் சரிபாதியானது. அக்காலத்தில் அரிசியின் விலையும் மருந்தின் விலையும் பாதியாகவில்லை. 'முதலைத் தொடாதே, வட்டியை உண்' என்னும் பெரியோர் அறிவுரை, வட்டி நிலையாக நிற்கும் உலகிற்கே பொருந்தும்.

கணக்கு காட்டும் உண்மை

எவ்வளவு எடுக்கலாம் என்னும் வினாவிற்கு ஊழியர் சேமநிதி வாரியம் தந்த விடையை 'அடிப்படைச் சேமிப்பு' என்னும் கருத்தில் காணலாம். 2008இல் 55 வயதிற்கு இது 120,000 ரிங்கிட், 2014இல் 196,800, 2017இல் 228,000, 2019இல் 240,000. இவை அனைத்தும் 55 முதல் 75 வயது வரையிலான 240 மாதங்களைக் கொண்டு பெருக்கிய தொகைகள். அதாவது மாதம் 500, 820, 950, 1,000 ரிங்கிட். பின்னர் வகுக்கப்பட்ட ஓய்வுக்கால வருமானப் போதுமைச் சட்டகம், 60 வயதிற்கான அடிப்படைத் தொகையை 390,000 ரிங்கிட்டாகக் கொண்டது. அதனையும் 240ஆல் வகுத்தால் 1,625 ரிங்கிட் வருகிறது.

இக்கணக்கு எளியது, ஆனால் மூன்று இடர்களை அது தன்னகத்தே மறைத்து வைத்துள்ளது. முதலாவது பணவீக்கம். விலை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுமாயின், இன்று 1,000 ரிங்கிட்டுக்கு வாங்கும் பொருளுக்கு இருபதாண்டுக்குப் பின் ஏறத்தாழ 1,806 ரிங்கிட் தேவைப்படும். இரண்டாவது ஆயுள். 75 வயதில் பணம் முடியும். வாழ்க்கை முடியும் என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவது, முதலீட்டு ஈட்டத்தின் வரிசை. இம்மூன்றாவதைப் பலர் உணர்வதில்லை என்பதால் சற்று விளக்குவோம்.

இருவரிடம் தலா 100,000 ரிங்கிட் உள்ளதெனக் கொள்வோம். இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6,000 ரிங்கிட் எடுக்கின்றனர். முதலாமவரின் முதலீடு முதலாண்டில் 20 விழுக்காடு ஏறி, இரண்டாமாண்டில் 5 விழுக்காடு ஏறி, மூன்றாமாண்டில் 20 விழுக்காடு வீழ்கிறது. இரண்டாமவருக்கு அதே எண்கள் தலைகீழாக வருகின்றன: முதலில் வீழ்ச்சி, பின்னர் 5 விழுக்காட்டு ஏற்றம், இறுதியில் 20 விழுக்காட்டு ஏற்றம். இருவரும் பணம் எடுக்காதிருந்தால் மூன்றாண்டின் முடிவில் இருவரிடமும் 100,800 ரிங்கிட் இருக்கும். பணம் எடுத்ததால் முதலாமவரிடம் 84,912 ரிங்கிட்டும் இரண்டாமவரிடம் 79,992 ரிங்கிட்டும் எஞ்சுகின்றன. சராசரி ஒன்றே; வரிசை மட்டுமே வேறு. விலை வீழ்ந்த ஆண்டில் எடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் பின்னர் வரும் ஏற்றத்தில் பங்குகொள்ள இயலாது போகிறது. உழைக்கும் காலத்தில் சந்தை வீழ்ச்சி நமக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை; ஓய்வின் முதற்சில ஆண்டுகளில் அதே வீழ்ச்சி ஆறாப் புண்ணாகிறது.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. 1926 முதலான அமெரிக்கப் பங்கு, பத்திர ஈட்டங்களைக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டிலும் ஓய்வுபெற்றவர் என்னவாகியிருப்பார் என அவர் கணக்கிட்டார். முதலாண்டில் சேமிப்பில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை எடுத்து, அதன்பின் பணவீக்கத்திற்கேற்ப அத்தொகையை உயர்த்தி வந்தால், மிக மோசமான காலத்தில் ஓய்வுபெற்றவருக்கும் முப்பதாண்டு பணம் தாங்கும் என்பது அவர் முடிவு. சேமிப்பில் பாதிக்குக் குறையாமல் பங்குகளில் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் இன்றியமையாத நிபந்தனை. வளரும் பகுதி இல்லையேல் பணவீக்கம் முதலை அரித்துவிடும். நிலையான பகுதி இல்லையேல் வீழ்ச்சிக் காலத்தில் பங்குகளை மலிவாக விற்க நேரும். முதலீட்டிற்கும் மீட்பிற்கும் இடையிலான சமநிலை என்பது இதுவே.

இந்த 4 விழுக்காடு ஒரு நாட்டின் ஒரு நூற்றாண்டு வரலாற்றிலிருந்து பெறப்பட்டது. அதனை நம் நாடுகளுக்கு அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது. ஆயினும் ஒப்பீட்டிற்கு உதவும். 240,000 ரிங்கிட்டில் 4 விழுக்காடு ஆண்டுக்கு 9,600; மாதம் 800 ரிங்கிட். வாரியத்தின் கணக்கு மாதம் 1,000 என்கிறது. 200 ரிங்கிட் வேறுபாடு, இருபதாண்டுக்கும் முப்பதாண்டுக்கும் இடையிலான வேறுபாடாகும். நீண்ட ஆயுளுக்கு நாம் மாதந்தோறும் செலுத்தும் விலை அது.

சிங்கப்பூரின் வழி

சிங்கப்பூரில் 1950களின் இறுதியிலேயே சமூகக் காப்புறுதி வழியிலான ஓய்வூதியம் பற்றிய யோசனைகள் ஆராயப்பட்டன. அவை நடைமுறைக்கு வரவில்லை. மாறாக, சேமநிதியின் பயன் விரிந்தது. 1968 முதல் வீடு வாங்கவும், 1984இல் மெடிசேவ் தொடங்கியதும் மருத்துவச் செலவிற்கும் அப்பணம் பயன்பட்டது. 1984இல் சந்தா இரு தரப்பிலும் 25 விழுக்காடாக, மொத்தம் 50 விழுக்காடாக உயர்ந்தது. 1985ஆம் ஆண்டின் பொருளாதாரப் பின்னடைவிற்குப் பின் 1986இல் முதலாளியின் பங்கு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

1984இல் அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, மீட்பு வயதை 55இலிருந்து 60க்கும் பின்னர் 65க்கும் உயர்த்தலாமெனப் பரிந்துரைத்தது. மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. மீட்பு வயது 55 ஆகவே நிலைத்தது. ஆனால் 1987இல் 'குறைந்தபட்சத் தொகை' என்னும் புதிய விதி வந்தது. 55 வயதில் 30,000 வெள்ளியை ஒதுக்கி வைத்துவிட்டு எஞ்சியதை எடுக்கலாம்; ஒதுக்கிய தொகை பின்னர் மாதந்தோறும் வழங்கப்படும். மீட்பு வயது மாறவில்லை. மீட்கும் வடிவம் மாறியது.

அத்தொகையிலிருந்து வந்த மாதப்பணம் ஏறத்தாழ இருபதாண்டே தாங்கக்கூடியது. அதனைக் கடந்து வாழ்வோருக்கு வழியில்லை. 2009இல் தொடங்கிய 'சி.பி.எஃப். லைஃப்' என்னும் ஆயுட்காலத் திட்டம் இக்குறையைத் தீர்க்க முனைந்தது. 2013 முதல் தகுதியுடைய உறுப்பினர்கள் இயல்பாகவே அதில் சேர்க்கப்பட்டனர். உறுப்பினரின் பணம் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. அவர் வாழும்வரை மாதப்பணம் கிடைக்கிறது. விரைவில் மறைந்தோரின் முதலில் எஞ்சியது வாரிசுகளுக்குச் செல்லும். தொகுப்பில் சேர்ந்த வட்டியோ நீண்டநாள் வாழ்வோரைத் தாங்கும். தனிமனிதர் தம் ஆயுளை அறியார். பல்லாயிரவர் ஒன்றுசேரின் அவர்களது சராசரி ஆயுளைக் கணிக்கலாம். இந்த எளிய உண்மையே இத்திட்டத்தின் அச்சாணி.

எதிர்ப்பு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2014இல் ஹோங் லிம் பூங்காவில் சேமநிதிப் பணத்தைத் திருப்பித் தருமாறு கோரிக் கூட்டம் நடைபெற்றது. அதனையடுத்து அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி, 2016 முதல் ஒரே குறைந்தபட்சத் தொகைக்கு மாற்றாக அடிப்படை, முழு, மேம்பட்ட என மூவகை ஓய்வுக்காலத் தொகைகள் அமைந்தன. தெரிவு செய்யும் உரிமைக்கும் ஆயுட்காலப் பாதுகாப்பிற்கும் இடையே ஓர் உடன்பாட்டை அது தேடிற்று.

மலேசியாவின் வழி

மலேசியாவில் 1994இல் உறுப்பினரின் சேமிப்பு 60, 30, 10 விழுக்காடுகளாக மூன்று கணக்குகளில் பிரிக்கப்பட்டது. முதற்கணக்கு முதுமைக்கென ஒதுக்கப்பட்டது. 2007இல் அவை 70, 30 என இரண்டாயின. இவை ஓய்வுக்கு முன் எடுப்பதைக் கட்டுப்படுத்தின. ஓய்வுக்குப் பின் எடுப்பதைச் சீராக்க முயன்றது 2000இல் அறிமுகமான ஆண்டுத்தொகைத் திட்டமாகும். உறுப்பினர் தம் சேமிப்பின் ஒரு பகுதியைக் காப்புறுதி நிறுவனத்திடம் செலுத்தி, ஓய்வுக்காலத்தில் வருமானம் பெறலாம் என்பது அதன் அடிப்படை. தொழிற்சங்கக் காங்கிரசும் பயனீட்டாளர் அமைப்புகளும் அதன் ஈட்டம் குறைவென்றும், தொழிலாளரின் பணம் தனியாரிடம் செல்கிறதென்றும் வினா எழுப்பின. 2001இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

இதனை மக்களின் அறியாமை என்று தள்ளிவிட நம்மால் இயலாது. ஆயுள் உறுதியற்றவருக்கு ஆண்டுத்தொகையே தக்கது என்று பொருளியலறிஞர் மெனாகெம் யாரி 1965இலேயே நிறுவினார். ஆயினும் உலகெங்கும் மிகச் சிலரே அதனை விரும்பி வாங்குகின்றனர் என்பதை ஃபிராங்கோ மோடிலியானி 1985ஆம் ஆண்டின் நோபல் உரையிற் குறிப்பிட்டார். கைப்பணத்தை ஒரு வாக்குறுதிக்கு மாற்றிக்கொள்வதில் மனிதருக்கு இயல்பாகவே தயக்கமுண்டு. கைப்பணத்தால் வீடு கட்டிக் கடனடைத்த தலைமுறைக்கு அத்தயக்கம் இரட்டிப்பாக இருந்திருக்கும்.

2015இல் முழு மீட்பு வயதை 60க்கு உயர்த்துவது குறித்து வாரியம் உறுப்பினரிடம் கருத்துக் கேட்டது. பெரும்பாலோர் 55ஐயே விரும்பினர். எனவே 2017 முதல் 55 வயதிற்குப் பின் செலுத்தும் சந்தா மட்டும் தனிக்கணக்கில் 60 வயது வரை வைக்கப்பட்டது. அதே ஆண்டு முதல், எடுக்காமல் விடப்பட்ட பணத்திற்கு 100 வயது வரை ஈவு வழங்கப்படும் என்னும் விதியும் வந்தது. இதன் முதன்மையை நாம் அழுத்திக் கூற வேண்டும். ஓய்வுபெற்றவர் பணத்தை மொத்தமாக எடுத்து வங்கியில் இடவேண்டிய தேவையில்லை. நிதியிலேயே விட்டு மாதந்தோறும் வேண்டியதை மட்டும் மீட்கலாம். கட்டாயமின்றியே மாதவருமானம் பெறும் கதவு அன்று திறக்கப்பட்டது. அதனுள் நுழைவது உறுப்பினரின் விருப்பத்தைப் பொறுத்தது.

2020 முதல் 2022 வரையிலான பெருந்தொற்றுக் காலம் எதிர்த்திசையிற் சென்றது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு ஆகிய நான்கின்வழி ஏறத்தாழ 81 இலட்சம் உறுப்பினர்கள் 14,500 கோடி ரிங்கிட்டை எடுத்தனர். வேலையும் வருமானமும் இழந்த குடும்பங்களுக்கு அப்பணம் உலைநீராயிற்று. அதனைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் முப்பது வயதில் எடுத்த 10,000 ரிங்கிட், ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால் 55 வயதில் ஏறத்தாழ 33,900 ரிங்கிட்டாகியிருக்கும் என்பதும் உண்மையே. அவசரத் தேவைக்குத் தனிநிதி இல்லாதபோது, முதுமையின் நிதியே அவசர நிதியாகிறது. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த 75, 15, 10 விழுக்காட்டுப் பிரிவு இப்படிப்பினையின் விளைவெனலாம். அதில் 10 விழுக்காட்டை எப்போதும் எடுக்கலாம், எஞ்சியவை காக்கப்படும். 2025 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், புதிய உறுப்பினர்களின் சேமிப்பில் ஒரு பகுதியை மாதாந்தர வருமானமாக வழங்கும் கருத்தை மீண்டும் முன்வைத்தது.

இரு வழிகளும் உணர்த்துவன

இரு நாடுகளின் வரலாற்றையும் ஒப்பிடுகையில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவதாக, மீட்பு வயதை உயர்த்தும் முயற்சி இரு நாடுகளிலும் தோற்றது. மீட்கும் வடிவத்தை மாற்றும் முயற்சி ஓரளவு வென்றது. 55 என்னும் எண் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்காகவே மனத்தில் பதிந்துள்ளது. இரண்டாவதாக, நீண்ட ஆயுள் என்னும் இடரைத் தனிமனிதரின் சிக்கனத்தால் மட்டும் வெல்ல இயலாது. நூறு வயதிற்கெனத் திட்டமிடுபவர் எழுபதில் பட்டினி கிடப்பார். எழுபதிற்கெனத் திட்டமிடுபவர் எண்பதில் பிறர் கையை எதிர்பார்ப்பார். பகிர்ந்துகொள்ளும் தொகுப்பே இதற்கு விடை. மூன்றாவதாக, பகிர்தல் நம்பிக்கையை வேண்டும். பழைய கூட்டு முறையில் அந்நம்பிக்கையைத் தந்தவர் அண்டை வீட்டார். பெருந்திட்டங்களில் அதனைத் தருவன வெளிப்படையான கணக்கும், மாறாத விதியும், உறுப்பினரைக் கலந்து முடிவெடுக்கும் பழக்கமுமே.

இவற்றோடு ஒரு குறையையும் சுட்டுதல் கடனாகும். மாத வருமானமாக மாற்றுவதற்குப் போதிய சேமிப்பு இருப்போருக்கே இத்திட்டங்கள் யாவும் பயன்படும். ஒப்பந்தக்காரரிடம் சந்தாவின்றி வேலை செய்தோர், இல்லத்தில் ஊதியமின்றி உழைத்த பெண்கள், சிறுதொழில் செய்தோர் ஆகியோர் சேமநிதியின் வரலாற்றிற்கு வெளியே நிற்கின்றனர். இவர்களுக்கென மலேசியாவில் முதியோர் உதவித்தொகையும், சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய வெள்ளி ஆதரவுத் திட்டமும் உள்ளன. தோட்டப்புறத்திலிருந்து நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்த நம் சமூகத்தில் இத்தகையோர் சிலரல்லர்.

முடிவுரை

கப்பல் பயணச்சீட்டில் தொடங்கி, மொத்தத் தொகையாக வளர்ந்து, மாத வருமானத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் இவ்வரலாறு, ஒரு சமூகம் இந்நாடுகளைத் தன் முதுமையின் இருப்பிடமாக ஏற்றுக்கொண்ட வரலாறுமாகும். திரும்பிச் செல்வோருக்கு மொத்தப் பணம் போதும். தங்கி வாழ்வோருக்கு மாதந்தோறும் அடுப்பெரிய வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. கூட்டுவட்டிக் கணக்கை நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். சேமிப்பு எவ்வாறு பெருகும் என்பதை அது காட்டுகிறது. அதே கரும்பலகையில், எடுக்க எடுக்கச் சேமிப்பு எவ்வாறு குறையும் என்னும் கணக்கையும் எழுதலாம். 240 மாதக் கணக்கையும், வீழ்ச்சி முதலில் வந்தால் நேரும் இழப்பையும் எட்டாம் வகுப்பு மாணவர் எளிதில் புரிந்துகொள்வர். வீட்டில் 55 வயதை நெருங்கும் தந்தைக்கோ தாய்க்கோ சேமநிதிப் படிவத்தை நிரப்பித் தருபவர் பெரும்பாலும் அம்மாணவரே. முழுத்தொகையை மீட்பதா, ஒரு பகுதியை விட்டுவைப்பதா என்னும் கட்டத்தில் அவர் கை சற்று நின்று கணக்குப் பார்க்குமாயின், நம் பாடம் பயன்பட்டது எனலாம்.